கடல் தாண்டும் பொட்டலம்

பாசத்தைக் கட்டி அனுப்புபவர் இங்கே இருக்கிறார். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அங்கே இருக்கிறார்

சித்தூரில் 'பார்சல்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஹோட்டல் இட்லி. வாழை இலை, பழைய செய்தித்தாள், நூல். முடிந்தது விஷயம். ஆனால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடியை டல்லாஸில் இருக்கும் மகளுக்கோ மெல்பர்னில் இருக்கும் பழைய கல்லூரித் தோழிக்கோ அனுப்ப வேண்டுமானால் கதையே வேறு. இரண்டு நாட்டுச் சுங்கச் சட்டம், விமானப் பாதுகாப்பு விதி, பயிர் நோய்த் தடுப்பு விதி, சமயத்தில் வன உயிரினச் சட்டம்கூட அந்த அரைக் கிலோ பொட்டலத்தின் மீது அதிகாரம் செலுத்துகின்றன.

வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பாவிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911-ல் உருவாக்கப்பட்ட மாவட்டம் சித்தூர். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குகிற பகுதி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. இந்தப் பக்கத்து மனிதர்கள் வெளிநாடு போவதில் இரண்டு வழிகள் உண்டு. படித்தவர்கள் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். ராயலசீமைக் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள் வீட்டு வேலைக்கும், ஆண்கள் டிரைவர் வேலைக்கும் குவைத் உள்ளிட்ட வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். இரு சாராருக்கும் ஊரிலிருந்து பொட்டலம் போகிறது. ஒரு காலத்தில் பெட்டியைக் காடாத் துணியில் சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை குத்தி அனுப்பினார்கள். கட்டு பிரியாமல் இருந்தால் போதும் என்பதே அன்றைய கவலை. இன்று கட்டு பிரிவதல்ல பிரச்சினை. உள்ளே இருப்பது என்ன, அதை மேலே எப்படி எழுதியிருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இதில் பலரும் மறந்துவிடுகிற உண்மை ஒன்று உண்டு. அனுப்புகிறவரின் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் பெறுகிறவர்தான். வரி கட்டுவது அவர். சுங்க இலாகாவின் கடிதத்துக்குப் பதில் எழுதுவது அவர். சில நாடுகளில் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இங்கே பொம்மை, அங்கே குற்றம்

திருப்பதியிலிருந்து ஞாபகார்த்தமாக எதை அனுப்பலாம் என்று யோசிக்கும்போது பலருக்கும் தோன்றுவது மரப்பாச்சி. கொலுப் படியில் முதல் இடம் பிடிக்கும் அந்தச் சிவப்பு நிற ஜோடிப் பொம்மை மரபாகச் செம்மரத்தில் செதுக்கப்படுவது. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென் பகுதியில்தான். திருமலையை உள்ளடக்கிய சேஷாசலம் காடுகள் அதன் தாய்வீடு. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் 1995 முதல் இந்த மரம் இடம்பெற்றிருக்கிறது. இந்த மரத்தின் பெயரால்தான் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் ஆந்திர போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட மரத்தில் செய்த பொருளைச் சுங்க அதிகாரி வெறும் பொம்மையாகப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உள்ள எந்தப் பொருளையும் 'அன்பளிப்பு' என்ற பெயரில் உரிமமில்லாமல் அனுப்ப முடியாது என்பது இந்திய அரசின் வெளிநாட்டு வணிகக் கொள்கை. சந்தனக் கட்டைக்கும் கட்டுப்பாடு உண்டு. மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடையே இருக்கிறது. கிருஷ்ணர் படத்தோடு அலங்காரத்துக்குச் செருகிய ஒற்றை இறகும் அதில் அடக்கம்.

பாட்டி வீட்டுப் பித்தளை விளக்கைப் பேத்திக்கு அனுப்ப நினைப்பவர்கள் அதன் வயதைக் கணக்குப் பார்ப்பது நல்லது. நூறு வருஷத்தைத் தாண்டிய கலைப் பொருள்கள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். தனிநபர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதிய விக்கிரகமே பார்வைக்குப் பழையதாகத் தெரிந்தால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிடுவது உத்தமம்.

அப்படியானால் இந்த மண்ணின் அடையாளமாக எதைத்தான் அனுப்புவது? காளஹஸ்தி கலம்காரி இருக்கிறது. பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்து, மூங்கில் எழுதுகோலால் கையால் தீட்டுகிற கலை அது. இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கறுப்பும், செடி கொடிகளிலிருந்து எடுக்கும் மற்ற வண்ணங்களும்தான் அதன் அழகு. புவிசார் குறியீடு பெற்ற பொருள். எடை குறைவு, உடையாது, கெடாது, வெளிநாட்டு நண்பருக்கு விளக்கிச் சொல்லவும் கதை இருக்கிறது. மடித்து அனுப்பினால் மடிப்புத் தடம் விழும். அட்டைக் குழலில் சுருட்டி அனுப்புவதே சரி.

லட்டுவும் மாம்பழமும்

திருப்பதி லட்டு 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் நெய் மணக்கும் லட்டு தபாலில் போய்ச் சேரும் நாள்களைத் தாங்குமா என்பது முதல் கேள்வி. அந்த நாடு அனுமதிக்குமா என்பது அடுத்த கேள்வி. பால் சேர்ந்த இந்திய இனிப்புகள் விஷயத்தில் ஆஸ்திரேலியா மிகக் கறார். தீபாவளி சமயத்தில் பர்பியும் குலாப் ஜாமூனும் அனுப்ப வேண்டாம் என்று அந்த நாட்டு அதிகாரிகள் அறிவிப்பே தருகிறார்கள். கால்நடை நோய்கள் தங்கள் பண்ணைகளுக்குள் வந்துவிடக் கூடாது என்ற அச்சமே காரணம். நியூசிலாந்துக்குத் தேன் அனுப்பக் கூடாது. விதை, பூ, கறிவேப்பிலை ஆகியவற்றையும் எந்த நாட்டுக்கும் அனுப்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம். படிவத்தில் 'பிரசாதம்' என்று எழுதினாலும் அந்தச் சொல் எந்தச் சுங்கப் பட்டியலிலும் இல்லை. அங்கே அது 'உணவு, இனிப்பு வகை' மட்டுமே.

சித்தூரின் பெருமை மாம்பழம். மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டம் இது. இருந்தாலும் பழத்தைத் தபாலில் அனுப்ப வழியில்லை. 2007-ல் இந்திய மாம்பழத்துக்குக் கதவு திறந்த அமெரிக்கா, கதிரியக்கத்தால் பூச்சி நீக்கிய பழம்தான் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. வீட்டுத் தோட்டத்துப் பழம் அந்த வழியில் போக முடியாது.

மாம்பழம் மட்டுமல்ல, மாம்பழம் வந்த பெட்டியும் ஆகாது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். பழம், முட்டை, இறைச்சி வைத்திருந்த பெட்டிகளில் வரும் பார்சலை ஆஸ்திரேலியா ஏற்பதில்லை. வைக்கோலும் கூடாது. சித்தூரில் சுலபமாகக் கிடைக்கும் பெட்டி மாம்பழப் பெட்டி. பொம்மை உடையாமல் இருக்கச் சுற்றி வைப்பது வைக்கோல். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, புதிய அட்டைப் பெட்டியும் கசக்கிய வெள்ளைத் தாளும் வாங்குவதில் செலவு கொஞ்சம் கூடும், பொருள் தப்பும்.

ஊறுகாய் விஷயத்தில் அமெரிக்காவில் சுவையான சலுகை ஒன்று இருக்கிறது. 2002-ல் வந்த சட்டத்தின்படி, அந்த நாட்டுக்குள் வரும் உணவுப் பொருள் பற்றி அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். ஒருவர் தம் வீட்டில் தாமே செய்து இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பும் உணவுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு. ஆக, அம்மா போட்ட ஆவக்காய்க்கு உள்ள சலுகை கடையில் வாங்கிய ஆவக்காய்க்கு இல்லை! ஆனால் கோழி ஊறுகாய், மட்டன் ஊறுகாய்க்கு அம்மா போட்டதானாலும் அனுமதி இல்லை. எந்த ஊறுகாயானாலும் எண்ணெய் கசிந்தால் மற்றவர்களின் பார்சலும் பாழ். அகல வாய்ப் பாட்டிலைவிட, காற்றுப் புகாமல் ஒட்டிய கெட்டிப் பைகள் இரண்டுக்குள் ஒன்றாகப் போட்டு அனுப்புவது மேல்.

பூஜைப் பொருள்களிலும் கவனம் தேவை. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத் தபாலுக்கு ஆகாது. கொப்பரையைத் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருளாக விமானப் போக்குவரத்து விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன. தீப்பெட்டி, அத்தர், சென்ட், பவர் பேங்க் எல்லாம் இதே வரிசை. இவற்றில் ஒன்று உள்ளே இருந்தாலும் மொத்தப் பார்சலும் நின்றுவிடக்கூடும்.

அலமாரியில் இருக்கும் ஆபத்து

இதுவரை சொன்னவற்றில் நஷ்டம் என்றால் பொருளும் பணமும்தான். இனிச் சொல்லப்போவதில் நஷ்டப்படுவது மனிதர்கள்.

கசகசா இல்லாமல் ராயலசீமையில் குருமா இல்லை. மளிகைக் கடையில் பகிரங்கமாக விற்கும் சரக்கு. ஆனால் அது அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதி அரேபியாவிலும் அதற்குத் தடை உண்டு. போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் விவகாரம் அது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் ஒரு கைப்பிடி கசகசா சேர்த்திருந்தால், பொடி போட்டவருக்கு ஒன்றுமில்லை; வாங்கப் போனவர் விசாரணையை எதிர்கொள்ள நேரிடும்.

மருந்தும் அப்படியே. முதுகு வலிக்கும் இருமலுக்கும் இங்கே டாக்டர் சாதாரணமாக எழுதித் தரும் டிரமடால், கோடீன் கலந்த மருந்துகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. தனியாக ஒரு வீட்டில் வேலை செய்யும் பெண், மொழி தெரியாத நாட்டில், பாஸ்போர்ட் எஜமானர் கையில் இருக்கும் நிலையில், தன் பெயருக்கு வந்த மாத்திரை அட்டைக்கு என்ன விளக்கம் சொல்வார்? ஊரில் இருப்பவர்கள் மாத்திரை அனுப்புவதைவிட, வலியின் விவரத்தைப் போனில் கேட்டு, அங்கேயே டாக்டரைப் பார்க்கச் சொல்லிப் பணம் அனுப்புவது உண்மையான உதவி.

தபால் வேண்டாம், ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்பது நம்மவர்களின் பழைய வழி. சட்டம் அங்கேயும் மாறுவதில்லை. ஆபத்து மட்டும் இன்னொருவர் தலைக்கு இடம் மாறுகிறது. உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது. வாங்கிக்கொள்கிறவர் பிரித்துப் பார்த்தால் கொடுக்கிறவர் கோபித்துக்கொள்ளவும் கூடாது.

முன்பின் தெரியாதவருக்கு ஒரு கடிதம்

பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு வருவது சுங்க அறிவிப்புப் படிவம். சி.என். 22, சி.என். 23 என்று உலகம் முழுவதும் ஒரே பெயர். 1874-ல் பெர்ன் நகரில் உருவான அகில உலக அஞ்சல் ஒன்றியத்தில் இந்தியா 1876-லேயே சேர்ந்துவிட்டது. அதனால்தான் திருப்பதியில் நிரப்பும் தாள் டொரன்டோவிலும் செல்லுபடியாகிறது. 2021 முதல் தாள் மட்டும் போதாது. பார்சல் கிளம்பும் முன்பே அதன் விவரம் கம்ப்யூட்டர் வழியாக அந்த நாட்டுக்குப் போயாக வேண்டும். சென்னை போன்ற நகரங்களிலுள்ள வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் ஒரு சுங்க அதிகாரியும், போய்ச் சேரும் நாட்டில் இன்னொருவரும் அதைப் படிக்கிறார்கள். பெட்டிக்குள் மகளுக்கு எழுதிய கடிதம் இருக்கலாம். பெட்டியின் மேல் இருப்பது முன்பின் தெரியாத இந்த இருவருக்கு எழுதிய கடிதம்.

ஆகவே 'கிஃப்ட்' என்று கட்டத்தில் டிக் செய்துவிட்டு, பொருள் என்ற இடத்திலும் 'கிஃப்ட்' என்றே எழுதுவதில் பயனில்லை. 'பெண்கள் புடவை, பருத்தி, 2' என்று எழுத வேண்டும். 'பொம்மை, களிமண், 4' என்று எழுத வேண்டும். பொருளுக்குரிய எச்.எஸ். எண்ணையும் குறிப்பிட வேண்டியிருக்கும். ஒரு வேடிக்கையான எச்சரிக்கையும் தேவை. திருமலையில் விற்கும் பெருமாள் உருவப் பதக்கத்தை இந்தப் பக்கத்தில் 'டாலர்' என்பார்கள். படிவத்தில் '1 டாலர்' என்று எழுதினால் படிக்கிற அமெரிக்கர் அதைக் கரன்சி என்றே எடுத்துக்கொள்வார். 'பெண்டன்ட், செம்பு' என்று உலோகத்தோடு எழுதினால் குழப்பமில்லை. தங்கமானால் தபாலில் அனுப்பவே வேண்டாம். ரூபாய் நோட்டும் அப்படியே. மொய்க் கவருக்குள் வைக்கும் ஒற்றை ரூபாய்க்கும் விலக்கில்லை.

மதிப்பை உண்மையாக எழுத வேண்டும். வரி தப்பட்டும் என்று ஐயாயிரம் ரூபாய்ப் புடவைக்கு ஐந்நூறு என்று எழுதினால், பார்சல் தொலைந்தால் நஷ்டஈடு அந்த ஐந்நூறை வைத்துத்தான். சந்தேகப்பட்டுப் பிரித்தால் அபராதம் பெறுபவருக்கு. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்குப் பல நாடுகள் வரிவிலக்கு தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரை, பிரிட்டனில் 39 பவுண்டு வரை, கனடாவில் 60 கனடிய டாலர் வரை. நல்ல பட்டுப் புடவை இந்த எல்லைகளைத் தாண்டிவிடும். லண்டன் தோழி அதற்கு வரி கட்டுவதோடு தபால் நிறுவனத்தின் கையாளும் கட்டணத்தையும் கட்ட வேண்டும். அனுப்புகிறவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தோழி திகைக்க மாட்டார்.

மூடிய கதவு

விதிகள் எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு 2025 ஒரு பாடம். 2016 முதல் 800 டாலர் வரையிலான பொருள்களை அமெரிக்கா வரியில்லாமல் அனுமதித்து வந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. 100 டாலருக்கு உட்பட்ட பரிசுக்கு மட்டும் காகிதத்தில் விலக்கு இருந்தது. ஆனால் வரியை யார் எப்படி வசூலித்துக் கட்டுவது என்பது தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் தபாலை ஏற்றத் தயங்கின. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான பார்சல்களையும், மாத இறுதிக்குள் அமெரிக்காவுக்கான எல்லாத் தபாலையும் நிறுத்தியது. நவராத்திரி வந்துபோயிற்று, கொலுப் பொம்மை போகவில்லை. அக்டோபர் 15 அன்று, தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு, சேவை மீண்டும் தொடங்கியது. அப்போது அறிவித்த மதிப்பில் 50 சதவீத வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாடு வந்தது.

இத்தகைய விகிதங்கள் அரசியலோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. போன வருஷம் மைத்துனர் அனுப்பினாரே என்ற கணக்கு எடுபடாது. அனுப்பும் வாரத்தில் தலைமைத் தபால் நிலையத்தில் விசாரிப்பது மட்டுமே கணக்கு. காசு வாங்கிக்கொண்டு அனுப்பும் பொருளைப் பரிசு என்று எழுதுவதும் கூடாது. விற்பனையாளர்களுக்கென்றே 2022 முதல் தபால் நிலையங்களில் ஏற்றுமதி மையங்கள் வந்திருக்கின்றன.

கட்டும்போது

தனியார் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கிறார்கள். நாற்பதுக்கு முப்பதுக்கு முப்பது பெட்டியில் இரண்டு கிலோ முறுக்கு வைத்தாலும் 7.2 கிலோவுக்குக் காசு. பொருளுக்கேற்ற பெட்டியே சிக்கனம்.

பெட்டியை வீட்டிலேயே இறுக்கி ஒட்டிவிடாமல் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனால், கேட்டால் திறந்து காட்டலாம். அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். இரண்டு முகவரிகளையும் எழுதிய சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போட்டுவைத்தால் மேல் தாள் கிழிந்தாலும் பார்சல் அநாதையாகாது. முகவரியில் பெறுபவரின் தொலைபேசி எண் அவசியம். சேராவிட்டால் திருப்பி அனுப்புவதா, கைவிடுவதா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். திரும்பி வந்தால் அதற்கும் கட்டணம் கேட்கலாம் என்பதால் யோசித்துக் குறிக்க வேண்டும்.

ரசீதிலுள்ள பதிமூன்று எழுத்து எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ.என்.' என்ற இரண்டு எழுத்து. அதே எண்ணைக் கொண்டு அந்த நாட்டுத் தபால் துறையின் இணையதளத்திலும் பார்சல் எங்கே இருக்கிறது என்று தேடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, பெறப்போகிறவரிடம் கேட்பது. சொல்லாமல் அனுப்பி அசத்துவது உள்ளூரில் அழகு. கடல் கடந்த பரிசில் அந்தத் திகைப்பு சுங்கக் கடிதத்தின் வடிவத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். "உங்கள் நாட்டில் இதற்குத் தடை உண்டா? வரி எவ்வளவு வரும்? வீட்டில் எப்போது ஆள் இருக்கும்?" என்ற மூன்று கேள்விகளைப் போனில் கேட்க ஐந்து நிமிஷம் போதும். குவைத்தில் வேலை செய்யும் பெண்ணானால் நான்காவதாக ஒன்றும் கேட்க வேண்டும்: "எஜமானர் வீட்டு முகவரிக்கு உன் பெயரில் பார்சல் வந்தால் உனக்குத் தொந்தரவு இல்லையே?"